திறக்காத வால்வு

ஹாலின் நடுவே அவள் கிடந்தாள்.

கழுத்தில் செல்போன் சார்ஜர் ஒயர்!

பகல் மூன்றரை மணி. உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது என்றார் போலீஸ் டாக்டர்.

அவளுடைய கணவர், இன்ஜினீயரிங் காலேஜ் பேராசிரியர், கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். கைக்குட்டை நனையவே இல்லை!

"ஒன்றரை மணிக்கு எங்கே சார் இருந்தீங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஹைவேஸ்ல... கார் கொதிச்சு நின்னுடுச்சு. நேத்து ஒரு மெக்கானிக் ஃபேன் பெல்ட் மாத்தினான். அவன் கை வெச்ச லட்சணம்! அதே ஒன்றரைக்கு அவன் இங்கே வந்ததை எதிர்வீட்டுல பார்த்திருக்காங்க. அவனைப் பிடிங்க!"

பிடித்தாகிவிட்டது. வாசலில், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே நின்றான் மெக்கானிக்.

"காரோட ஸ்பேர் சாவி நேத்து என்கிட்டயே தங்கிடுச்சு, குடுக்க வந்தேன் சார். பெல் அடிச்சேன், யாரும் திறக்கலை, போயிட்டேன். என் பொண்ணு மேல சத்தியம்!"

"ஏன்யா, உன் மேல பண்ண மாட்டியா?" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

மெக்கானிக் விலங்கையே பார்த்தான். பெண்டாட்டி, பெண், ஒர்க் ஷாப்... எல்லாம் போச்சு!

பேராசிரியர் பக்கம் திரும்பினான். "ஒரே ஒரு கேள்வி சார்... நேத்து நானே பார்த்து அனுப்பின வண்டி. பெல்ட்டை டைட்டா மாட்டினேன். ரேடியேட்டர்ல தண்ணியும் நிறைச்சேன். அப்புறம் எப்படிக் கொதிச்சுது?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். வகுப்பு ஆரம்பமாகிவிட்டது!

"இன்ஜின்லேருந்து ரேடியேட்டருக்குத் தண்ணி போற வழியில தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு. சூடு ஏறினா அது திறக்கணும். அப்பதான் சுடுதண்ணி ரேடியேட்டருக்குப் போய் ஆறும், பம்ப் அதைத் திரும்ப இன்ஜினுக்குத் தள்ளும். அந்த வால்வு திறக்கலை. தண்ணி உள்ளேயே சுத்திக் கொதிச்சுடுச்சு."

"வால்வுதான்னு எப்படித் தெரியும்?"

"நானே கழட்டிப் பார்த்தேனே! இன்ஜின் ஆறவே முக்கால் மணி நேரம். அப்புறம் தட்டிச் சரிபண்ணி மாட்டினேன். கிளம்பறப்ப ரெண்டரை."

தங்குதடையில்லாத பதில். இன்ஸ்பெக்டருக்கு அதுதான் உறுத்தியது.

மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்தான். "சார்... எனக்கு ஒரு ஸ்பானர் குடுக்கச் சொல்லுங்க!"

பானெட் திறந்தது. இரண்டு போல்ட். வால்வு மூடி கழன்றது. இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துக் குனிந்தார்.

உள்ளே...

வெறும் ஓட்டை!

"போன வருஷம் வால்வு மக்கர் பண்ணுச்சு சார். இந்த வீட்டு அம்மாதான் வண்டியைக் கொண்டு வந்தாங்க. புதுசு கிடைக்கலை, பழசைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டேன். எங்க பக்கம் எல்லா மெக்கானிக்கும் பண்றதுதான். அதுலேருந்து அந்த வழி எப்பவும் திறந்தேதான் கிடக்கு. இன்ஜின் சூடாகவே நேரம் பிடிக்கும்... இது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

பேராசிரியர் மெல்ல கேட் பக்கம் நகர்ந்தார். ஒரு கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார்.

விலங்கு ஆள் மாறியது!

"இல்லாத வால்வைக் கழட்டி, தட்டி, மாட்டியும் இருக்கீங்க. பாடத்தை இனிமே ஜெயில்ல எடுங்க சார்... அங்கே ஒருத்தனும் கிளாஸ் கட் அடிக்க முடியாது!"