கொக்குவில் கிரகத்துக்குத் திரும்பும் வழி

கனகாம்பிகை டீச்சர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதாம் என்ற செய்தி ஒரே நாளில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான மூன்று லயங்களுக்கும் பரவிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. டிவி மாதிரி இருக்கும் என்றாள் ஒருத்தி. தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும் என்றான் இன்னொருவன்.

ஆறாம் வகுப்புக் கிருஷாந்திக்கு அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

அவள் அதிர்ஷ்டம், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடும்போது டீச்சரே அவளைக் கூப்பிட்டார்.

"கிருஷாந்தி, எங்கட மகன் கஜதீபன் உன்ர வகுப்புத்தானே? இஞ்ச வந்து மூண்டு மாசமாச்சு, ஒருத்தரோடயும் கதைக்கிறானில்லை. நாளைக்கு ஒருக்கா வீட்ட வந்து பாரன், பிள்ளை."

"வர்றேங்க டீச்சர்!" என்றாள் கிருஷாந்தி. டீச்சர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள்.

கஜதீபன் ஏன் பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் 'ஆமா' என்பதற்கு 'ஓம்' என்பார்கள். அவன் முதல் நாள் 'ஓம்' என்றதும் பின்வரிசைப் பையன்கள் கைகூப்பிச் சாமி கும்பிட்டார்கள். கிருஷாந்தியும் கொஞ்சம் சிரித்தாள். அன்றோடு அவன் வாய் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலை. பொகவந்தலாவை மலைகளைப் பனி மூட்டம் பாதிவரை விழுங்கியிருந்தது. கிருஷாந்தி செருப்பை டீச்சர் வீட்டு வாசலில் கழற்றி, காலை இரண்டு தரம் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

மேசைமேல் இருந்தது கம்ப்யூட்டர். அதன் திரை கறுப்பாக இருந்தது. கறுப்பில் எண்ண முடியாத வெள்ளைப் புள்ளிகள். நடுவில் ஒரு சின்ன விண்கப்பல். கஜதீபன் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவளும் பார்த்தாள். கப்பல் அசையவில்லை. அவனும் அசையவில்லை.

"கெட்டுப்போச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப ஏன் ஓட மாட்டேங்குது?"

"நான் ஓட்டேல்ல."

"நான் ஓட்டவா?" கிருஷாந்தியின் விரல் ஒரு பொத்தானை நோக்கிப் போயிற்று.

"தொடாத!"

அவன் போட்ட சத்தத்தில் டீச்சர் குசினியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார். கிருஷாந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால், அவளுக்கு முன்னால் அவனே அழுதுவிடுவான் போலிருந்தது.

"சரி, தொடல. என்னான்னு சொல்லேன்."

அவன் திரையைக் காட்டிச் சொன்னான்.

அது விண்வெளி விளையாட்டு. இன்ன இடத்துக்குத்தான் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த நட்சத்திரத்துக்கும் போகலாம், கல் பொறுக்கலாம், வீடு கட்டலாம். தொடங்கும்போது ஒரு கிரகம் தருவார்கள். அதற்குக் 'கொக்குவில்' என்று தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள் அவனும் அப்பாவும்.

"அதில வீடு கட்டினது நானும் அப்பாவும். கிணறு வெட்டினனாங்கள். அங்க நீல இலை மரம்தான் இருக்கு. அப்பா அதைத்தான் வாழை எண்டு சொல்லுவார். கிணத்தடியில ஏழு வாழை வைச்சவர்."

"ஒங்க அப்பா எங்க?"

"யாழ்ப்பாணத்தில. அம்மாக்கு இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைச்சது. நாங்கள் முன்னுக்கு வந்திட்டம். அப்பா அடுத்த கிழமை வாறன் எண்டவர். அதுக்குள்ள சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிட்டாங்கள்."

கிருஷாந்தியின் அப்பா தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குப் போனால் சாயந்தரம் வந்துவிடுவார்.

"இப்ப கடலால கப்பல் விடுறாங்களாம். ஆனா ஒராளுக்கு ஒரு பைதான் கொண்டரலாமாம். வீட்டுச் சாமானையெல்லாம் விட்டுட்டு எப்பிடி வாறது எண்டு அப்பா எழுதியிருக்கிறார்." அவன் மூக்கை உறிஞ்சினான். "நான் இஞ்ச வந்து விளையாடி விளையாடித் தூரத்துக்கு வந்திட்டன். எரிபொருள் ஆறுதான் இருக்கு. நடுவழியில முடிஞ்சா விண்கப்பல் அழிஞ்சிடும். புதுசாத் தொடங்கினா வேற கிரகம்தான் தரும். எங்கட வீடு இருக்காது."

"அதனால ஓட்டாமலே வச்சிருக்கியா?"

"ஓம். மூண்டு கிழமையா."

இந்த முறை அந்த 'ஓம்' கிருஷாந்திக்குச் சிரிப்பாக இல்லை.

"எப்படி விளையாடணும்னு புத்தகம் கித்தகம் கிடையாதா?"

"இருந்தது. மேசை லாச்சிக்குள்ள. உண்மையான கொக்குவில்ல."

கிருஷாந்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தூரமும் ஏற்றமும் பாரமும் தெரியும். லீவு நாட்களில் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறவள் அவள்தானே?

"கொக்குவிலுக்குப் போக எவ்வளவு எண்ணெய் வேணும்?"

அவன் அம்புக்குறியை ஒரு பச்சைப் புள்ளிமேல் வைத்தான். 'நாற்பது' என்று காட்டியது.

"பக்கத்தில இருக்கே, இந்தச் சிவப்பு நட்சத்திரம்?"

'பதினான்கு'.

"இவ்வளவு பக்கத்துக்கே பதினாலா? கப்பல்ல என்னத்த ஏத்தி வச்சிருக்க?"

அவன் ஒரு பட்டியலைத் திறந்தான். அது இறங்கிக்கொண்டே போயிற்று. கல், கல், கல். உடைந்த இயந்திரம். மறுபடி கல்.

"ஐயோ சாமி! எதுக்கு இத்தன?"

"நாங்கள் வரேக்க இந்தக் கம்ப்யூட்டரையும் உடுப்புப் பையையும் தவிர ஒண்டும் எடுக்கேல்ல. அதான் இதில ஒண்டையும் விடாம எடுத்தனான். அப்பாக்குக் காட்ட."

கிருஷாந்தி பட்டியலை இன்னொரு தரம் பார்த்தாள்.

"எங்கம்மா கொழுந்து எடுக்கையில கூடை நிறைஞ்சாலும் நிறையாட்டியும், ஏத்தம் ஏறுறதுக்கு முன்னாடி நிறுவைக்குப் போய்க் கொட்டிருவாங்க. பாரத்தோட ஏறுனா பாதியில மூச்சு நின்னுரும்பாங்க. அங்க கங்காணி முத்தல் எலையெல்லாம் பொறுக்கி வீசிருவாரு. நான்தான் இப்ப கங்காணி. காட்டு!"

அவள் எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். புருவத்தைக்கூட நெரித்துக்கொண்டாள்.

"இது என்னா?"

"பச்சைக் கல்லு."

"என்னாத்துக்கு?"

"வடிவா இருக்கு."

"முத்தல்! வீசு. இது?"

"உடைஞ்ச மோட்டர்."

"ஒடஞ்சதா? ஒடஞ்சத வச்சுக்கிட்டு என்னா செய்யப் போற, சம்பல் அரைக்கவா? வீசு!"

கஜதீபனின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. முதல் கல்லை வீசுமுன் அவன் இரண்டு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தான். பத்தாவது கல்லுக்கு அவனே "முத்தல்!" என்றான். ஒவ்வொன்று போகும்போதும் சிவப்பு நட்சத்திரத்தின் எண் குறைந்தது. பதின்மூன்று. பதினொன்று. எட்டு.

கடைசியில் ஒரு சின்ன நீலக் கல் மட்டும் மிஞ்சியது.

"இது அப்பாக்கு," என்றான். "இதை விடமாட்டன்."

"சரி, இது இருக்கட்டும்," என்று கங்காணி அனுமதி கொடுத்தாள்.

இப்போது சிவப்பு நட்சத்திரத்துக்கு ஐந்து போதும். கொக்குவிலுக்கு நேராகப் போனால் பதினைந்து.

"நேரா வேணாம்," என்றாள் கிருஷாந்தி. "எங்க மலையில நேரா ஏறுற பாத ஒண்ணு சொல்லு பாப்போம். எல்லாம் வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். நின்னு நின்னு போவோம்."

அவன் பொத்தானை அழுத்தினான். மூன்று வாரத்துக்குப் பிறகு கப்பல் அசைந்தது. புள்ளிகளெல்லாம் கோடுகளாக நீண்டன. கிருஷாந்தி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியும் பறக்கிறது போலிருந்தது அவளுக்கு.

சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றிப் புகை மாதிரி வாயு இருந்தது. கப்பல் அதை உறிஞ்சத் தொடங்கியது. இரண்டு, மூன்று, நான்கு... திடீரென்று 'பீப் பீப்' என்று அலறியது.

"சுடுதாம்!" என்று கத்தினான் அவன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு! அடுப்புல குளிர் காயுறப்ப உள்ளுக்கேவா போவ?"

அவன் கப்பலைத் தள்ளி நிறுத்தினான். அலறல் நின்றது. தொட்டி நிறையும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு. அதற்குமேல் தொட்டி கொள்ளவில்லை.

அடுத்த நட்சத்திரத்துக்கு ஏழு செலவானது. ஆனால் அங்கே வாயு இல்லை. அது அணைந்துபோன நட்சத்திரம். பழைய கரித்துண்டு மாதிரி கிடந்தது.

மிச்சம் ஐந்து. கொக்குவில் எதிரே பச்சையாகத் தெரிந்தது. அவன் அம்புக்குறியை வைத்தான்.

'ஆறு'.

வெளியே மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது.

நீலக் கல்லின் பாரம் ஒன்று. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனால் கிருஷாந்தி இப்போது கங்காணி மாதிரி எழுந்து நிற்கவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒங்க அப்பா வந்தாருன்னா, மொதல்ல கல்லயா தேடுவாரு?"

கஜதீபன் தலையை ஆட்டினான். 'இல்லை' என்று. பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலக் கல்லை வீசினான். அது சுழன்று சுழன்று இருட்டுக்குள் போயிற்று.

'ஐந்து' என்றது திரை.

கோடுகள் நீண்டன. எரிபொருள் நான்கானது, மூன்றானது, இரண்டானது, ஒன்றானது. கிருஷாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"திறந்து பார்," என்றான் அவன்.

பச்சைப் புல். ஒரு சதுர வீடு. கிணறு. கிணற்றடியில் நீல இலை மரங்கள், கூரையைத் தாண்டி வளர்ந்து நின்றன.

"வளந்திட்டுது," என்றான் கஜதீபன். "நான் வரேக்க என்ர முழங்கால் உயரம்."

அவன் மரங்களை எண்ணினான். ஏழும் இருந்தன. வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். வீட்டுக்குள்ளே யாரும் இல்லை. இருக்கமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும். என்றாலும் கதவைத் திறந்து பார்த்தான். கிருஷாந்தி அவனை அவசரப்படுத்தவில்லை.

டீச்சர் மூன்று கோப்பை தேத்தண்ணியோடு வந்தார். திரையைப் பார்த்ததும் தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்கள் அப்பாக்கு எழுதுற கடிதத்தில எனக்கு ஒரு பக்கம் விடுங்கோ," என்றான் கஜதீபன்.

டீச்சர் ஒரு பக்கம் இல்லை, முழுத்தாளே கொடுத்தார். அவன் தேத்தண்ணியை மறந்து எழுதினான். கிருஷாந்தி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

'அன்புள்ள அப்பா, நான் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். புதிதாக இப்பயணம் செய்பவர்களுக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். பாரத்தைக் குறைக்க வேண்டும். நேராகப் போக முடியாவிட்டால் நின்று நின்று போகலாம். சூடான இடத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. அப்பா, எங்களுக்குச் சாமான் ஒன்றும் வேண்டாம். கப்பலில் இடம் கிடைத்தால் கையை வீசிக்கொண்டு வாருங்கள். நீங்கள் வந்தால் போதும்.'

டீச்சர் அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு குசினியில் ஏதோ வேலை இருப்பதுபோலத் திரும்பிப் போனார்.

"இதெல்லாம் நான் சொன்னது," என்றாள் கிருஷாந்தி. "ஒன் பேர மட்டும் போட்டு அனுப்பப் போறியா?"

கஜதீபன் சிரித்தான். மூன்று மாதத்தில் அப்படி அவன் சிரித்ததே இல்லை. தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினான். தன் பெயருக்குப் பக்கத்தில், அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், 'கிருஷாந்தி' என்று அவள் எழுதினாள்.