மஞ்சள் கயிறு இல்லாத வாள்

இந்தக் காலத்து ஜனங்களைப் பற்றி என்ன சொல்ல, வாசகர்களே? பளபளவென்று ஒருவன் வந்து நின்றால் போதும், யார் எவர் என்று கேளாமலே கதவைத் திறந்து விடுகிறார்கள். அந்தக் காலமும் ஒன்றும் ஒழுங்கில்லை.

பெண்ணையாற்றின் மேல் அந்திச் செவ்வானம் மங்க, கீழ்த்திசையில் எழுந்த முழுமதி நீர்ப்பரப்பில் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், வெண்ணிலைக் கோட்டையின் மதில்மேல் நின்ற வாயில்காவலன் பூதிச்சாத்தன் அந்த அழகைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவன் பார்வை படித்துறையில் ஒதுங்கிய ஓடத்தின் மேலும், அதில் வாளேந்தி நின்ற வாலிபன் மேலுமே இருந்தது. அக்கரையெங்கும் அவனோடு வந்த படையின் தீப்பந்தங்கள்.

"கோவலராயன் வந்திருக்கிறேன். என் தேவிக்குச் சொல்."

கோட்டையில் எவரும் கோவலராயனைக் கண்டதில்லை; தேவி இளநங்கையும் கண்டதில்லை. பத்து மாதங்களுக்கு முன் போர்க்களத்தை விட்டு வர இயலாத மன்னனுக்குப் பதிலாக அவன் வாள்தான் இங்கே மணவறையில் வீற்றிருந்தது; மணம் முடிந்ததும் அது களத்துக்கே திரும்பிப் போயிற்று. அதன் பிடியில் கட்டிய மஞ்சள் கயிற்றை, மன்னன் வந்த நாளில் மனைவியே தன் கையால் அவிழ்க்க வேண்டும் என்பது அக்குலத்து வழக்கம்.

சாத்தன் கூடையை இறக்கி வாளை மேலே வாங்கினான். செய்தி கேட்டு மதிலேறி வந்த பத்தொன்பதே வயதான அரசி, மணநாளில் தான் கண்டிருந்த நுனிப் பிளவைத் தடவிப் பார்த்தாள்.

"அவருடைய வாள்தான், சாத்தரே."

"கயிறு?"

"வழக்கம் தெரியாதவன்; அழுக்குக் கயிறு என்று அறுத்தெறிந்திருக்கிறான். பிடிக்கு எண்ணெய்கூடப் போட்டிருக்கிறான்."

வாள் பகைவன் கைக்கு வந்ததென்றால் மன்னன் களத்தில் விழுந்துவிட்டான்; முகமறியாத கணவனுக்கு அவள் கைம்பெண்ணாகிவிட்டாள்.

"கல்லை உருட்டட்டுமா, தாயே? பயல் ஓடத்தோடு அமிழ்ந்து போகட்டும்."

"அக்கரையில் நிற்பவர்களை என்ன செய்வீர்?"

உள்ளே எழுநூறு உயிர்கள். இரண்டு நாளைக்குத் தினை.

"பகைவனாக நுழைந்தால் எல்லோரையும் வெட்டுவான். என் மன்னனாக நுழைந்தால் தன் குடிகளை எப்படி வெட்டுவான்? நான் ஒப்புக்கொண்டால்தான் அவனுக்கு நாடு. அவன் கொண்டுவந்த பொய்யை அவன் கழுத்திலேயே மாட்டுகிறேன்."

"பொய் சொன்னவன் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பானாக்கும்? நாற்பது வருஷம் கதவு காத்துவிட்டேன், அப்படியொருவனை நான் பார்க்கவில்லை."

"எனக்கும்தான் நம்பிக்கையில்லை. வேறு வழியிருந்தால் சொல்லும்."

சாத்தன் அக்கரைத் தீப்பந்தங்களைப் பார்த்தான்.

இளநங்கை வாளின்மேல் கை வைத்தாள். "எழுநூறு பேரில் ஒருவர்மேல் அவன் கை விழுந்தாலும், என்னை மணந்த இந்த வாளாலேயே அவனைக் கொல்வேன். இது ஆணை." பிறகு மதிலோரம் சென்று, கோட்டையெங்கும் கேட்கும்படி உரைத்தாள்: "என் நாயகர் வந்துவிட்டார். கதவைத் திறவுங்கள்."

சாத்தன் இடையிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அவள் காலடியில் வைத்தான்.

"திறக்க வேறு ஆளைப் பாருங்கள், தாயே. இந்த வாளை உங்களால் ஓங்கக்கூட முடியாது."

கீழே எழுநூறு பேரும் மன்னர் வாழ்க என்று முழங்கினார்கள். சாத்தன் திரும்பிப் பாராமல், தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான்.