வீட்டுப் பெயரில் ஒரு கமிட்

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஒரகடத்துக் கம்பெனி கேட்டில் நின்று டில்லிபாபு தன் கண்ணால் பார்த்துச் சொன்னது.

நம்பிராஜன் அங்கே ரோபோக்களுக்கு நிரல் எழுதுகிற பெரிய மனிதர். நிரலைச் சேமிக்கும் 'கிட்' என்ற கணினிப் பதிவேட்டில் யார் எதைச் சேர்த்தாலும், 'கமிட்' என்று அவர் பெயரோடு பதியும். அவருக்கு அதில் இரண்டு பெயர். கம்பெனி வேலைக்கு 'நம்பிராஜன்'. வீட்டில் திருட்டுத்தனமாகச் செய்யும் வெளி வேலைக்கு 'நம்பி'. ஒன்றின் வாசனை மற்றதில் படாமல் வைத்திருப்பதில் ஐயாவுக்குத் தாங்க முடியாத பெருமை. அவருடைய சொந்த ஊரான மண்ணூரைச் சேர்ந்த கேட் வாட்ச்மேன் டில்லிபாபு ஒருநாள், "இன்னா மாப்ள, சாப்ட்டியா?" என்றதற்கு, "இங்க நான் மாப்ள இல்ல, சார்னு கூப்டு" என்ற மகராசன்.

மழை பிடித்த ஒரு மாலை, எல்லாரும் கிளம்பிய பிறகு, ஏசியின் முனகலும் கீழே பெயின்ட் அடிக்கும் இடத்திலிருந்து ஏறிவந்த தின்னர் நெடியும் மட்டும் துணையிருக்க, கம்பெனி நிரலின் கடைசிப் பதிவைத் திறந்தார். பதிந்தவர்: நம்பி. குறிப்பு: 'நான் கெளம்பட்டா?'

பெயரை மாற்ற மறந்துவிட்டோமா? ஆனால் இதை அவர் எழுதவே இல்லையே. காலையில் மேனேஜர் பார்த்தால் வெளி வேலை அம்பலமாகும், சீட்டு கிழியும்.

அழித்தார். மறுபடி வந்தது. 'வூட்ல இசைவாணி காத்துகினு கீறா.' அவர் பெண்டாட்டி பெயர்.

மூளைக்காரர் அல்லவா, பழைய பதிவுகளின் வரலாற்றையே திருத்தினார். 'நம்பி' என்று இருந்த இடமெல்லாம் 'நம்பிராஜன்'. என்டர்.

ஏசி நின்றது. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்தது போல. செருப்புச் சத்தம். படியில். கீழே.

கேட்டுக்கு ஓடினார். டில்லிபாபு மறித்தார்.

"எங்க சார்?"

"வூட்டுக்கு மாமா! வழி வுடு!"

"மாமாவா? நான் யாருக்கு மாமா? வூட்டுக்குப் போற மாப்ள இப்பதான் போனான். கையப் புடிச்சி, 'வரேன் மாமா'ன்னான். தங்கமான புள்ள. நீங்க ஆபீஸ் சாரு. உள்ளயே இருங்க."

வெளியே ஷேர் ஆட்டோ. கடைசி சீட்டில், மடியில் அவருடைய சாப்பாட்டுப் பையோடு, அவரே. சிரித்த முகம்.

அலறினார். சத்தம் வரவில்லை. கேட் அறைக் கண்ணாடியில் சட்டை தெரிந்தது. அடையாள அட்டை. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், வழவழவென்று வெறும் தோல்.

ஒன்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: டில்லிபாபுவுக்கு அன்றைக்கு லீவு. மச்சினிச்சி கல்யாணத்துக்கு மறைமலை நகர் போயிருந்தார்.