மூன்று நாற்பதுக்கு விழுந்த வரி

ஷிப்டு சூபர்வைசர் ஆஞ்சப்பன் உலைக்கு முன்னால் குப்புறக் கிடந்தார். மண்டையின் பின்புறம் பானை ஓடு போல உடைந்து உள்ளே அமுங்கியிருந்தது. உலையின் அனலில், சிமெண்டுத் தரையில் ஓடிய ரத்தம் கறுத்துக் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முழங்கை வரை சிவப்போடு உட்கார்ந்திருந்தான் பெரியதம்பி.

1993 ஏப்ரல், வியாழக்கிழமை. மாலை மணி நான்கு.

வாட்ச்மேன் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடி வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் சம்பங்கி. பின்னாலேயே மூச்சிரைக்க மேனேஜர் சென்னகிருஷ்ணன் வந்தார். பெரியதம்பி எழுந்து ஓட முயலவில்லை. "நான் வரும்போதே இப்படித்தாங்க கெடந்தாரு" என்று மட்டும் சொன்னான். அதற்குள் அவன் வாயில் ஒரு கான்ஸ்டபிளின் பூட்ஸ் கால் விழுந்தது.

அவனைச் சந்தேகிக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, பெரிய சம்மட்டி எந்திரத்தில் அடித்து, லாரிக்கான பாகங்கள் செய்தார்கள். பத்து நாளைக்கு முன்னால் அந்தச் சம்மட்டி யாரும் மிதிக்காமலே தானாக இறங்கியது. அடியில் குனிந்து அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தவன் முனிசாமி, பெரியதம்பியின் தம்பி. தலை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அன்றைக்கு ஷிப்டு ஆஞ்சப்பனுடையது. அதிலிருந்து வேலைநிறுத்தம். இரண்டு நாளைக்கு முன் கேட்டருகில் ஆஞ்சப்பனை மொபெட்டிலிருந்து இழுத்துத் தள்ளி, உதட்டைக் கிழித்து, பல்லை உடைத்து, "எந்தம்பி தல போன மாதிரி உன் தலயும் போவும்டா" என்று ஊரறியக் கத்தியவன் பெரியதம்பிதான்.

சம்பங்கி அன்று அங்கே இருந்ததும் அந்தக் கலவரத்தால்தான். மறுநாள் காலை முனிசாமியின் சாவு பற்றி அரசாங்க விசாரணை நடக்கவிருந்தது. கேட்டில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பந்தோபஸ்து பற்றிப் பேச மூன்று இருபதுக்கு மேனேஜர் அறைக்குப் போனார். சென்னகிருஷ்ணன் அப்போதுதான் உள்ளே வந்தவர் போல, ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தார். வெயில் தாங்கவில்லை என்றார். டீ சொன்னார். நடுவில், மெட்ராஸ் ஆபீசுக்கு ஒரு கடிதம் என்று சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு கேட்டருகே உட்கார்ந்திருப்பவர்களை எப்படிக் கலைப்பது என்ற பேச்சு. வாட்ச்மேன் கத்தும் வரை இருவரும் அந்த அறையை விட்டு அசையவில்லை.

நாலரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வந்ததும் அவர் கேட்டது ஆஞ்சப்பன் எத்தனை மணி வரை உயிரோடு இருந்தார் என்பதைத்தான். உலைச் சூட்டில் கிடந்த உடம்பை வைத்து நேரம் சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்தார். வேலைநிறுத்தத்தால் பட்டறையே காலி. உலை ஆறிவிடக் கூடாது என்பதற்காக ஆஞ்சப்பன் மட்டும் தனியாக இருந்தார். பார்த்தவர் யாரும் இல்லை.

பதில் சொன்னது ஷிப்டு அறையில் இருந்த கம்ப்யூட்டர்.

அதை இயக்கிக் காட்டியவள் பேச்சியம்மாள். பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனியின் இன்ஜினீயர், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். காகித லாக்புக்கை ஒழித்துவிட்டு அந்த ஆண்டுதான் எலக்ட்ரானிக் லாக்புக் போட்டிருந்தார்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை சூபர்வைசர் தன் பாஸ்வேர்டைக் கொடுத்து, உலையின் சூட்டையும் எண்ணெய் அழுத்தத்தையும் ஆங்கிலத்தில் ஒரு வரியாக அடிக்க வேண்டும். பெயரையும் நேரத்தையும் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். அடித்ததைத் திருத்தவோ அழிக்கவோ முடியாதபடி அவள்தான் அதை அமைத்திருந்தாள். அந்த வாரம் அவள் வந்தது மூன்று கோளாறுகளைச் சரிசெய்ய. கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது, பிரிண்டரில் ஓரம் வெட்டுப்பட்டது, கீபோர்டில் ஒரு எழுத்து விழவில்லை. முதல் இரண்டும் காலையிலேயே முடிந்துவிட்டன. புது கீபோர்டுக்குப் போன் போட இரண்டரைக்கு வெளியே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனவள், திரும்பி வந்தபோது பிணத்தைத்தான் பார்த்தாள்.

"கடிகாரம் இப்ப சரியா இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு நிமிசம் கூட பிசகாது சார்."

"கடைசி வரி?"

"மூணு நாப்பது. ஆஞ்சப்பன் சார் பேருல."

பச்சை எழுத்தில் அந்த வரி கறுப்புத் திரையில் நின்றது. உலை 1180, அழுத்தம் ஓகே. பெரியதம்பி பின்மதிலேறிக் குதித்ததை வாட்ச்மேன் பார்த்தது மூன்றே முக்காலுக்கு; தேடிக்கொண்டு பட்டறைக்கு வந்து கூச்சல் போட்டது நான்குக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

அன்று மாலை ஸ்டேஷனில் பெரியதம்பியைக் குப்புறப் போட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். பிறகு கையை மேஜையில் விரிக்கச் சொன்னார்கள். சம்பங்கி தடுக்கப் போய், "நீ என்ன அவனுக்கு வக்கீலா?" என்று இன்ஸ்பெக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். லத்தி இறங்கியபோது விரல் எலும்பு முறிந்த சத்தம் வராந்தா வரை கேட்டது. அப்போதும் அவன் ஒரே பேச்சைத்தான் பேசினான். ஆஞ்சப்பனே ஆள் சொல்லி அனுப்பினார், விசாரணைக்கு முன்னால் உன்னிடம் பேச வேண்டும், கேட்டில் மற்றவர்கள் பார்க்காமல் பின்பக்கமாக வா என்று.

"கூப்ட்டவரக் கொல்லுவனாங்க?" என்றான். பேசப் பேச வாயிலிருந்து ரத்தம் ஒழுகிற்று.

சம்பங்கிக்கு ஸ்டேஷனில் இருக்கப் பிடிக்கவில்லை. ஆஞ்சப்பனின் வாடகை வீட்டுக்குப் போனார். மனைவி நாகம்மா அழுகை வற்றிப்போய் சுவரில் சாய்ந்திருந்தாள். அஞ்செட்டிப் பக்கத்துப் பெண். அவள் சொன்னதைச் சம்பங்கி குறுக்கே பேசாமல் கேட்டார். சம்மட்டியின் கிளட்ச் வழுக்குகிறது, நிறுத்த வேண்டும் என்று முனிசாமி செத்த அன்று காலையிலேயே ஆஞ்சப்பன் லாக்புக்கில் அடித்திருக்கிறார். ஓட்டு என்று சொன்னது மேனேஜர். அதற்குப் பிறகு, அந்த வரி தவறாக அடித்தது என்று விசாரணையில் சொல்லச் சொல்லி மேனேஜர் நெருக்கியிருக்கிறார்.

"என்ன சொன்னாராம் உங்க வீட்டுக்காரரு?"

"பொய் சொல்ல மாட்டேன்னுட்டாருங்க. அடி வாங்கினது கூட நாயந்தான், அந்தப் பையங்கிட்டயும் உள்ளதச் சொல்லிடறேன்னாரு. நேத்துதான் நல்லா தூங்கினாரு."

சம்பங்கி வெளியே வந்து ஜீப்பில் ஏறாமல் நின்றார். கொல்ல வேண்டிய காரணம் பெரியதம்பியை விட ஒருவருக்கு அதிகமாகவே இருந்தது. ஆனால் மூன்று இருபது முதல் நான்கு வரை அந்த ஆளோடு உட்கார்ந்து டீ குடித்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். சென்னகிருஷ்ணன் நிரபராதி என்று கோர்ட்டில் சத்தியம் செய்ய வேண்டியவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குப் போனார். பிணத்தை எடுத்த இடத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். அதையும் மீறி ஈ மொய்த்தது. பேச்சியம்மாளிடம் லாக்புக்கைப் பின்னோக்கி அச்செடுத்துத் தரச் சொன்னார். கிளட்ச் பற்றி ஆஞ்சப்பன் அடித்த வரி அப்படியே இருந்தது. அதை அழித்துத் தர முடியுமா என்று மேனேஜர் போன வாரம் கேட்டதாகவும், முடியாது என்று தான் சொன்னதாகவும் அவள் சொன்னாள்.

சம்பங்கி தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, மண்டியிட்டுப் படித்தார். உலைச் சூடு, அழுத்தம். உலைச் சூடு, அழுத்தம். படித்துக்கொண்டே வந்தவர் கடைசித் தாளில் நின்றார். மறுபடி மேலே போனார்.

"ஏம்மா, ஒரு வாரமா எல்லா வரியும் 'அழுத்தம் ஓ'ன்னு முடியுது. வெறும் ஓ. ஆஞ்சப்பன் மட்டுமில்ல, மத்த ரெண்டு சூபர்வைசருங்களும் அப்படித்தான் அடிச்சிருக்காங்க. ஏன்?"

"அதான் சார் நான் சொன்ன கோளாறு. போன வாரம் யாரோ டீயக் கொட்டிட்டாவ. கே விழாது. ஓகேன்னு அடிச்சா ஓ மட்டுந்தான் வரும். அவியளும் அப்படியே விட்டுட்டாவ."

"இப்பவும் விழாதா?"

அவள் விரலால் அந்தக் கட்டையை நாலைந்து முறை குத்திக் காட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. சம்பங்கி கடைசி வரியை அவள் முன்னால் வைத்தார். ஓகே. இரண்டு எழுத்தும் முழுசாக இருந்தன.

அவள் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது இங்க இருந்து அடிச்சதே இல்ல சார்" என்றாள். பிறகு தானாகவே தொடர்ந்தாள். "திங்கக்கிழமை மேனேஜர் ரூமுக்கு ஒரு ஒயர் இழுத்துக் குடுத்தேன். அங்க இருந்தே லாக்புக்கப் பாக்கணும்னு கேட்டாரு. அங்க அடிச்சாலும் இதுல வந்து விழும். எந்த மிசின்ல அடிச்சதுன்னு காட்டுத பகுதிய இன்னும் நான் போடல. அது அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

"ஆஞ்சப்பனோட பாஸ்வேர்டு?"

"எல்லாரோடதும் எழுதி வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்காரு."

ஈரத் தலை, டீ, மெட்ராஸ் ஆபீசுக்குக் கடிதம். அந்த வரியை அடித்த விரல்களை அவர் இரண்டடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டரையும் பேச்சியம்மாளையும் அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். சென்னகிருஷ்ணன் உட்காரச் சொன்னார். சம்பங்கி உட்காரவில்லை.

"ஆஞ்சப்பனக் கொன்னது நீங்கதான் சார்" என்றார்.

மேனேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தார். "உங்க எஸ்.ஐ. வெயில்ல சுத்தினாருங்களா? ஆஞ்சப்பன் மூணு நாப்பதுக்கு உயிரோட இருந்தாரு. நான் மூணு இருபதுலேர்ந்து இவரு முன்னாடிதான் இருந்தேன்."

"ஆமா சார். என் முன்னாடிதான் அடிச்சீங்க."

சம்பங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஆஞ்சப்பன் செத்தது மூன்று நாற்பதுக்குப் பிறகு இல்லை, மூன்று இருபதுக்கு முன்னால். மேனேஜர் பட்டறைக்குப் போய், விசாரணையில் பேச வேண்டாம் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார். மறுத்துத் திரும்பியவரைப் பின்னாலிருந்து அடித்திருக்கிறார். குளித்துத் துடைத்துக்கொண்டு, போலீஸ்காரர் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, செத்தவர் பெயரில் ஒரு வரி அடித்திருக்கிறார். ஒன்றே ஒன்று அவருக்குத் தெரியவில்லை. பட்டறைக் கீபோர்டில் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை. அங்கே கே விழாது. பெரியதம்பி மதிலேறி வந்தது அவர் எதிர்பாராமல் கிடைத்த அதிர்ஷ்டம்.

சென்னகிருஷ்ணன் கேட்டுக்கொண்டே எழுந்தார். அடுத்த நொடி கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் பிடுங்கித் தரையில் அறைந்தார். கண்ணாடி வெடித்துச் சிதறி பேச்சியம்மாளின் கன்னத்தைக் கீறியது.

அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "காப்பி எடுத்து பெங்களூருக்கு அனுப்பியாச்சு சார்" என்றாள்.

மேஜைமேல் காகிதத்தின் மீது வைத்திருந்த ஒரு முழ நீள இரும்புத் தண்டை எடுத்து அவள் தலையை நோக்கி ஓங்கி இறக்கினார் மேனேஜர். சம்பங்கி குறுக்கே கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. வலியில் கண் இருட்டிய நிலையிலும் சம்பங்கி அவர் நெஞ்சில் தலையால் முட்டி, சுவரோடு சேர்த்து நசுக்கினார். இருவரும் கண்ணாடித் தூள்மேல் உருண்டார்கள். இன்ஸ்பெக்டரின் லத்தி மேனேஜரின் மணிக்கட்டில் இறங்கிய பிறகுதான் தண்டு கீழே விழுந்தது.

"அவன் ஒத்துக்கிட்டிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார் சென்னகிருஷ்ணன், தரையில் கிடந்தபடி. "ஒரே ஒரு பொய். அதுகூட அவனால சொல்ல முடியல."

பழுத்த இரும்பை முக்கும் எண்ணெய்த் தொட்டியை மதியம் இறைத்தார்கள். அடியில் மேனேஜரின் காக்கிக் கோட்டு, அதில் சுற்றியபடி ஒரு கைச்சம்மட்டி. அதன் முகத்தில் தலைமுடி ஒட்டியிருந்தது.

விசாரணை ஒருநாள் தள்ளி சனிக்கிழமை நடந்தது. ஆஞ்சப்பன் கிளட்ச் பற்றி அடித்த வரியைப் பேச்சியம்மாள் எழுந்து நின்று படித்தாள். கன்னத்தில் தையல் போட்டிருந்ததால் மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. கேட்டில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஒரு வேன் நின்றது. ஆஞ்சப்பனின் உடலை அஞ்செட்டிக்குக் கொண்டுபோக ஏற்பாடு. சம்பங்கி மாவுக்கட்டுப் போட்ட கையோடு கையெழுத்து வாங்க வந்திருந்தார். வேப்பமரத்தடியில் பெரியதம்பி நின்றுகொண்டிருந்தான். காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்திருந்தான். வலது கை விரல்கள் கட்டுக்குள் இருந்தன. இன்ஸ்பெக்டர் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; விடுவித்த காகிதத்தை ஸ்டேஷன் ரைட்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். சம்பங்கி அருகே போய் நின்றார்.

உடலை ஏற்றினார்கள். நாகம்மா கடைசியாக ஏறப் போனவள் அவனைப் பார்த்துவிட்டாள். தன் புருஷனின் பல்லை உடைத்தவனை அவள் பார்ப்பது அதுவே முதல்முறை. யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெரியதம்பி தலையைக் குனிந்துகொண்டான். "தப்புப் பண்ணிட்டேங்க்கா" என்றான்.

உள்ளே இருந்த உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். டிரைவர் ஹாரனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"அங்க போனா தூக்கறதுக்கு ஆள் பத்தாது" என்றாள் அவள். "ஏறு."

அவனால் ஏற முடியவில்லை. சம்பங்கி முறியாத கையை அவன் கக்கத்தில் கொடுத்துத் தூக்கிவிட்டார்.