முப்பது வயது மழவராயர்

வெள்ளாற்றின் மேலைக் கரையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. நாணல் பூக்களின் மேல் கதிரவன் தன் கடைசிப் பொன்னைத் தெளித்துவிட்டு இறங்க, கீழ்வானில் முழுமதி மெல்ல முகம் காட்ட, மருத மரக் கிளைகளில் இடம் பிடிப்பதற்காகக் கொக்குக் கூட்டம் பூசலிட்டுக்கொண்டிருந்த அந்த ரம்மியமான வேளையில், அன்பார்ந்த வாசகர்களே, குறிச்சிக் கோட்டையின் அதிபதி, எழுபோர் வென்ற விடங்க மழவராயர், உப்பு வணிகர் வேடத்தில் ஒரு தாழம்புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார். முட்கள் எங்கெங்கே தைத்திருந்தன என்பதை அரச மரியாதை கருதி விவரிக்காமல் விடுகிறோம்.

மழவராயருக்கு வயது முப்பது. அதாவது, ஆண்டுதோறும் பிறந்தநாளன்று அவையில் வாசிக்கப்படும் மெய்க்கீர்த்தி அவரை 'முப்பதாட்டை இளஞ்சிங்கம்' என்றுதான் சொல்லும். சென்ற நாற்பத்தொரு ஆண்டுகளாக அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாற்றலாமே என்று சொன்ன புலவர் அடுத்த நாட்டில் நலமாக இருப்பதாகக் கேள்வி.

இளஞ்சிங்கத்தின் நெஞ்சில் இப்போது தீ எரிந்தது. பட்டத்தரசி கற்பக நங்கையார் ஒரு மாதமாக மாலைதோறும் முக்காடிட்டுப் படகேறி இந்தக் கரைக்கு வருகிறாராம். யாரைப் பார்க்க? ஊர் ஊராகப் போய் முதியோருக்கு மட்டும் வைத்தியம் செய்யும் எயினன் என்பவனை. அவனுக்கு உண்மையிலேயே முப்பது வயது. தோள்கள் கோயில் கதவு போல இருந்தன. கண்ட மாத்திரத்திலேயே மழவராயர் அந்தத் தோள்களை வெறுத்தார்.

இடிந்த மண்டபத்தின் படியில் இருவரும் எட்ட எட்ட அமர்ந்திருந்தார்கள். அவ்வளவு எட்ட அமர்ந்ததே சந்தேகத்துக்கு இடமாக அவருக்குப் பட்டது. அரசியார் எதற்கோ சிரித்தார். இடது செவி சில காலமாக ஒத்துழைப்பதில்லையாதலால் மழவராயர் வலது செவியைத் திருப்பினார்.

"இராத்திரி நான்கு முறை எழுந்து போகிறார்," என்றார் அரசியார். "நேற்றுத் தடுக்கிவிட்டது. நான் பார்த்தது தெரிந்தால் வெட்கப்படுவாரே என்று கண்ணை மூடிக்கொண்டேன்."

"விளக்கு வைக்கலாமே, அம்மா?"

"விடமாட்டார். இருட்டில் புலி போலப் பார்ப்பாராம். பல்லும் வலிக்கிறது, சொல்லமாட்டார். சோற்றைக் குழைய வடிக்கும்படி நானே சொல்லிவிட்டு, ஏன் குழைத்தாய் என்று சமையற்காரனைத் திட்டுகிறேன்."

மழவராயர் திகைத்தார். ஆக, கள்வன் மருத்துவன் அல்லன். மூன்றாமவன் ஒருவன், அதுவும் தள்ளாத கிழவன். அவன் தூக்கத்தையும் பல்லையும் இவள் அறிவாள். என்ன கனிவு அந்தக் குரலில். நேற்றுத் தாமும் தடுக்கியது நினைவுக்கு வந்தது. ஆனால் அது கம்பளத்தின் குற்றம்.

"யாரடி அந்தக் கிழவன்?" என்று கர்ஜித்தபடி வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார். பாய்ந்தார் என்பது மெய்க்கீர்த்தி நடை. நடந்தது என்னவென்றால், உடல் பாதி எழும்பி, தலை கிறுகிறுத்து, மறுபடியும் தாழைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

எயினன் ஓடி வந்து, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவது போல வாளை வாங்கி ஓரமாக வைத்தான்.

"பெரியவரே, மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல எழுந்திரும். கையை ஊன்றாமல் முடிகிறதா?"

முடியவில்லை.

"எழுந்தால் கண் இருட்டுகிறது, இல்லையா? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்?"

இதற்கெல்லாம் ஏன் பதில் சொன்னோம் என்று மழவராயருக்குப் பிற்பாடும் விளங்கவில்லை. "தூக்கத்துக்கு ஒரு லேகியம். அதனால் வரும் மந்தத்துக்கு ஒரு சூரணம். சூரணத்தால் வரும் படபடப்புக்கு ஒரு கஷாயம். இளமைக்கு ஒன்பது."

"உம்மைத் தள்ளிவிட வேறு பகைவரே வேண்டாம். தூக்க லேகியத்தைச் சட்டென்று நிறுத்தக்கூடாது; சிறிது சிறிதாகக் குறைப்போம். இளமை ஒன்பதையும் இன்றே ஆற்றில் போடும். வயது என்ன?"

அரசியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கொக்குகள்கூடச் சற்று அடங்கின.

"எழுபத்தொன்று," என்றார் மழவராயர், மிகச் சிறிய குரலில்.

"வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?"

"மனைவி இருக்கிறாள். மாலையானால் வேறொருவனைப் பார்க்க ஆற்றைக் கடந்துவிடுகிறாள்."

அரசியார் முக்காட்டை விலக்கினார். "கடக்காமல் என்ன செய்வேன், சுவாமி? தாங்கள் யாரிடமும் நாடி காட்டமாட்டீர்கள். கோட்டைக்குள் தங்கள் வயதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஓர் எண்ணெய் வணிகரின் மனைவி என்று பொய் சொல்லித் தங்கள் நோவுகளை ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்தேன்."

"அப்படியானால் அந்தக் கிழவன்..."

"தாங்கள்தான்."

போட்டியாளன் ஒழிந்த நிம்மதியும், அவன் இடத்தில் தாமே நிற்கவேண்டிய துக்கமும் மழவராயரின் உள்ளத்தில் சேர்ந்து எழுந்தன. எயினனுக்கோ எதிரில் இருப்பவர் யாரென்று அப்போதுதான் உறைத்தது. காலில் விழப் போனான்.

"விழாதே, அப்பனே. இங்கே விழுவதற்கு நான் ஒருவன் போதும். கையைக் கொடு," என்றார் மழவராயர்.

அவன் தோளைப் பற்றி எழுந்து, ஓரமாக இருந்த வாளை எடுத்துத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார்.

"இந்த வாளின் மேல் ஆணை. நாளை முதல் மாலைதோறும் நோயாளியே நேரில் வருவான். அவன் நோவைச் சுமந்துகொண்டு நீ தனியே ஆற்றைக் கடக்க வேண்டாம், நங்கை."

"நானும் கூட வரலாமா, சுவாமி?"

இளமை பொங்கும் அந்த மருத்துவனை மழவராயர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு நெடுநேரம் யோசித்தார்.

"படகு வரைக்கும்," என்றார்.