நீல டேப் சுத்தின பேட்டன்

அது குட்டியோட கை இல்லக்கா. இன்னைக்கு ரிலே பிராக்டீஸ்ல ஓடிட்டிருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. ஐஸ் மாதிரி, ஈரமா, ஒரு கை என் உள்ளங்கையில பேட்டனை வச்சு அழுத்துச்சு. காதுக்குப் பக்கத்துல "பிடிடி"ன்னு குரல்.

குட்டி என்னைவிட ரெண்டு கிளாஸ் சின்னவ. என்னை 'டி' போட்டுக் கூப்பிடவே மாட்டா.

முடிவுக் கோட்டைத் தாண்டித்தான் நின்னேன். திரும்பினா, குட்டி அங்க வளைவுலயே குனிஞ்சு நிக்கிறா. பேட்டன் அவ கையிலயே இருக்கு.

என் கையிலயும் ஒண்ணு இருக்கு.

பி.டி. சார் வந்து பார்த்தார். "ஏம்மா, ரிலேல ஆளுக்கொரு பேட்டனா? கடை போடப் போறியா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. மாடியில பாட்டு டீம் பாடிட்டிருந்தது. எனக்கு எதுவும் காதுல ஏறல. பேட்டன்ல நீல டேப் சுத்தியிருந்துச்சு. நான் சுத்திக் குடுத்த டேப்.

வாத்துக்கு.

என் பெஞ்சுல உட்கார்ந்திருந்தவ, ஞாபகம் இருக்கா? நடந்தா வாத்து, ஓடினா அம்பு. போன ஸ்போர்ட்ஸ் மீட்ல மூணாவதா ஓடினது அவ, கடைசியா நான். ரிலேல வாங்கறவ திரும்பிப் பார்க்கக் கூடாது, கையை மட்டும் பின்னாடி நீட்டணும். அவ "பிடிடி"ன்னு கத்தினா. வாங்கிட்டு ஓடினேன். ஜெயிச்சேன். குதிச்சேன். அவ பின்னாடி விழுந்து கிடந்தது எனக்குத் தெரியாது. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. அந்த பேட்டனை அவ உடம்போட வச்சுத்தான் அனுப்பினோம்.

யார்கிட்டயும் சொல்லாததை உன்கிட்ட சொல்றேன். அன்னைக்குக் காலையிலயே அவ சொன்னா, நெஞ்சு அடைக்குதுன்னு. "சார்கிட்ட சொல்லிடாதடி, பேரை அடிச்சிடுவார்." நான் சொல்லல. அவளுக்காக இல்லக்கா. அவ இல்லாட்டி தோத்துடுவோம்.

இன்னைக்கு குட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுக்கா. சார்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னா.

சாயங்காலம் முழுக்க வாயைத் திறக்கல. இப்பதான் சாருக்கு போன் பண்ணி ரெண்டையும் சொன்னேன். குட்டியோடதும், வாத்தோடதும். அவர், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னார். குட்டி பேரை அடிச்சுட்டார். நாளைக்கு மீட்ல எங்க ஸ்கூல் ரிலே ஓடாது.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

போனை வச்சுட்டுப் பார்த்தா, வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில வச்ச நீல டேப் பேட்டனைக் காணோம்.

இப்ப ஹால்ல யாரோ ஓடற சத்தம். அம்மாவுக்கு நைட் டூட்டி, வீட்ல வேற யாரும் இல்ல. வெறுங்கால். வளைவுல ஓடற மாதிரி ஒரு காலை அழுத்தி அழுத்தி.

நான் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கேன். திரும்பல.

இதை ஒரு கையாலதான் டைப் பண்றேன். இன்னொரு கை தானா பின்னாடி நீளுதுக்கா.

நான்தான் சொல்லிட்டேனே. இன்னும் எதுக்கு ஓடி வர்றா?