ஒன்பதாவது சிப்பு

திரைக்கு வெளியே நின்று கதைத்த மஹ்றூபுக்கு அன்று தடிமல் பிடித்திருந்தது. மூக்கு இரண்டும் அடைத்துப்போன குரல். கடல்காற்று மாறுகிற மாதம்தானே, ஊரில் பாதிப்பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிகிறார்கள் என்று கமீலா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கேற் கிறீச்சிட்ட சத்தமோ, முற்றத்து மணலில் அவனுடைய மோட்டார்சைக்கிள் வந்து நின்ற சத்தமோ கேட்கவில்லை என்பதும், வாசலிலேயே ஸலாம் சொல்லிக்கொண்டு வருகிறவன் இன்று அதைச் சொல்லவில்லை என்பதும் பிந்தித்தான் அவளுக்குத் தோன்றின.

“மூடி கழட்டியாச்சா?”

“ஓம்.”

“என்ன?”

“கழட்டிட்டன் எண்டன்.” அவள் குரலை உயர்த்திச் சொன்னாள். தடிமல் காதையும் அடைத்துவிட்டது போலும்.

அஸர் தொழுகை முடிந்து வீடு அடங்கிக் கிடந்தது. உம்மா சரீபா பின்னால் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகள் சிப்னா ஓதப் போயிருந்தாள். கமீலா, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் தனித்திருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். கணவன் நசுறுதீன் மௌத்தான நாளிலிருந்து இந்த உள்ளறைதான் அவளுக்கு எல்லாம். இத்தா முடியும்வரை அந்நிய ஆண்களின் முகத்தில் அவள் விழிக்கக்கூடாது. கணவனின் தம்பி மஹ்றூபும் அந்நிய ஆண்தான். ஆகவே அறைவாசலில் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் தொங்கும் தடித்த பச்சைத் திரை. வெளியே குரல். உள்ளே அவளும் மெஷினும்.

வீட்டில் மூன்று கொம்பியூட்டர்கள் இருந்தன. முன்னறையில் ஒன்று, உள்ளறையில் அவள் தட்டெழுதும் ஒன்று. மூன்றாவது, மேசைக்குக் கீழே நின்ற பெரிய பெட்டி. நசுறுதீன் அதைச் சேவர் என்பான். கலியாணக் காட், நோட்டீஸ், பில் புத்தகம் என்று மற்ற இரண்டிலும் செய்கிற வேலைகளெல்லாம் வயர் வழியாக வந்து இதற்குள்தான் சேரும். உப்புக்காற்றில் தகரம் துருப்பிடிக்கும் என்று அவன்தான் அதை உள்ளறைக்குக் கொண்டுவந்தான். அது அடிக்கடி திகைத்து நிற்கத் தொடங்கியபோது, கொழும்புக்குப் போய், மெஷினின் ஞாபகத் துண்டான றாமில் இரண்டு சோடி வாங்கிவந்தான். மூடியைக் கழற்றி, பழைய றாமைப் பிடுங்கி, புதுச் சோடி இரண்டையும் பழைய சாரத் துணியில் பரப்பி வைத்துவிட்டு, பெட்டிக்குள் தலை குனிந்து பார்த்தபடி இருந்தான். கமீலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். திரும்பி வந்தபோது தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. அவன் அப்படியே குனிந்துதான் இருந்தான். அந்த ஆடையைப் பார்த்தது மட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் பெரிதாக வலிக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

வலித்த இடம் ஒன்றே ஒன்றுதான். “இத்தா முடிஞ்சா நீ குவைத்துக்குப் போறதப் பத்தி யோசி” என்று உம்மா சொல்லியிருந்தாள். “சிப்னாவ நான் பாத்துக்குவன். வேற என்னகா வழி?” வழி இந்தப் பெட்டிதான். இது ஓடினால் காட் வேலை ஓடும். வேறு யாருடைய வீட்டுக் கக்கூசையும் கழுவப் போகத் தேவையில்லை. ஓடாவிட்டால் சிப்னா உம்மா இல்லாமல் வளர்வாள்.

அடக்கம் முடிந்த கிழமையில் மஹ்றூப் வந்திருந்தான். அன்று உம்மாவும் திரைக்கு வெளியே கதிரை போட்டு அவன் பக்கத்தில் இருந்தாள். அவன் மட்டக்களப்பில் கொம்பியூட்டர் கடையொன்றில் வேலை செய்கிறவன்.

“நான் வெளிய நிண்டு சொல்றன், நீங்க உள்ளுக்குச் செய்ங்க மதினி. டொக்டர்மார் ஒபரேசன் செய்யிற மாதிரி நினைச்சிக்கங்க.”

“இவள் கோழி அறுக்கிறதப் பாத்தாலே மயங்குறவள்” என்றாள் உம்மா.

“இதில ரத்தம் வராது மாமி.” அவன் சிரித்தான். பிறகு விளக்கினான். ஒரு சோடியில் துண்டுக்கு ஒன்பது கறுப்புச் சிப்பு. எட்டு வேலை செய்யும். ஒன்பதாவது அந்த எட்டும் சொல்வது சரியா என்று பார்க்கும். பிழை என்றால் மெஷினையே நிப்பாட்டிவிடும். மற்றச் சோடியில் எட்டுச் சிப்பு. அதில் இடம் கூட, வேகமும் கூட. ஆனால் பார்க்க ஆள் இல்லை. “பிழயையும் சரியெண்டு எழுதி வச்சிரும். நசுறுதீன் காக்கா எதப் பூட்ட நினைச்சாரோ தெரியா. அவசரப்படாதீங்க, நான் வந்து சொல்றன்.”

எழுந்து போகும்போது, உம்மா குசினிப் பக்கம் திரும்பியதும், திரைக்கு அருகில் வந்து மெதுவாகச் சொன்னான். “மதினி, ஒரு விசயம் மனசில கிடந்து அரிக்கி. நான்தானே கபுறுக் குழிக்குள்ள இறங்கின. தலைமாட்டு முடிச்ச அவிழ்த்தன். இடுப்பு முடிச்சையும் அவிழ்த்தன். கால்மாட்டு முடிச்ச அவிழ்த்தனா எண்டு எவ்வளவு யோசிச்சும் நினைவு வருகுதில்ல.”

மௌத்தானவரைச் சுற்றிக் கட்டும் கபன் துணியின் முடிச்சுகளை மண் போடுமுன் அவிழ்த்துவிட வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். அவிழ்க்காவிட்டால் என்ன என்பது யாருக்கும் தெரியாது. “அவிழ்த்திரிப்பீங்க” என்று மட்டும் கமீலா சொன்னாள்.

இன்று திரும்பவும் வந்து நிற்கிறான். தடிமலோடு.

“எட்டுச் சிப்பப் பூட்டினாச் சரி.”

“ஒம்பது நல்லமெண்டு சொன்ன மாதிரி இரிந்திச்சே?”

“எட்டு.”

அவள் சொன்னபடி செய்தாள். முதலில் தகரத்தைத் தொட்டாள், உடம்பிலுள்ள மின்சாரம் அதில் இறங்கட்டும் என்று. துண்டின் பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்தாள். சரித்துச் செருகி நிமிர்த்தினாள். டிக். இரண்டாவதையும். டிக். சுவிட்சைப் போட்டதும் பெட்டி பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது. வேகமாக ஓடியது. சந்தோசப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. “ஓடுது!” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். பதில் இல்லை. போய்விட்டான். போன சத்தமும் இல்லை. அறையில் கற்பூர வாசம் லேசாக இருந்தது. வெள்ளை உடுப்பு வைத்திருக்கும் பெட்டகம் திறந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை வந்தது. சாய்ந்தமருதிலிருந்து வந்தது, மருதமுனையிலிருந்து வந்தது. உம்மா முன்னறையில் ஆட்களிடம் விசயம் எழுதி வாங்கித் திரைக்குக் கீழால் தள்ளுவாள். கமீலா தட்டெழுதிச் சேவரில் போடுவாள். முன்னறைப் பிறிண்டரில் காட் வரும். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு திரைக்கு வெளியே குரலும் வந்தது. அதிகம் கதைக்காது. “ஓடுதா?” என்று கேட்கும். “ஓடுது” என்றால், “என்ன?” என்று கேட்கும். இன்னும் தடிமல் மாறவில்லை. உம்மா அறைவாசலைக் கூட்டும்போது, “எங்கால இவ்வளவு மண்ணு வருகுதோ” என்று தினமும் அலுத்துக்கொண்டாள். கடற்கரை ஊரில் மண்ணுக்கா பஞ்சம்?

இத்தா முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பாண்டிருப்புப் பூபாலசிங்கம் காட்டோடு திரும்பி வந்தார். முன்னறையில் அவர் போட்ட சத்தம் உள்ளறைவரை கேட்டது.

“சரீபாக்கா! பொம்பிளையின்ர பேர் சரி, கோயில் சரி, நாள் சரி. மாப்பிளையத்தான் மாத்திப்போட்டீங்க. நசுறுதீனாம்! இதக் கொண்டுபோய் ஐயர்ர கையில குடுத்தனெண்டா மனிசன் அதிலயே மயங்கி விழுந்திருப்பார்.”

உம்மா சிரிக்கவில்லை. பூபாலசிங்கத்தின் சிரிப்பும் பாதியில் நின்றது.

“அது… உங்கட மருமகன்ர பேரெல்லோ” என்றார் அவர், குரல் இறங்கி. “பாவம், பிள்ளைக்குக் கை தவறியிருக்கும். ஒண்டுமில்ல. ஆறுதலா மாத்தித் தரட்டும்.”

கமீலா அந்தக் காட்டைத் திறந்தாள். நசுறுதீன். அழித்து, சரியான பெயரைத் தட்டினாள். சேவரில் போட்டாள். மூடித் திறந்தாள். நசுறுதீன். தட்டெழுதும்போது சரியாக இருந்தது. சேவருக்குள் போய்த் திரும்பி வந்ததும் மாறியிருந்தது. சாய்ந்தமருதுக் கலியாணக் காட்டைத் திறந்தாள். மாப்பிள்ளை நசுறுதீன். மருதமுனைக் காட். நசுறுதீன். போன மாதம் பெயர் சரியாக அச்சாகிக் கலியாணமும் முடிந்துபோனவர்களின் காட்டிலும் நசுறுதீன். பிழையைச் சரியென்று எழுதி வைத்திருந்தது.

கடைசியில் அவள் செய்யாத ஒரு காட் இருந்தது.

மணமகள் கமீலா. நாள், இத்தா முடிகிற நாள். கீழே இந்தப் பக்கத்துக் காட்களில் எல்லாம் வருகிற அதே வரி: அன்று அஸருக்குப் பின் மாப்பிள்ளை பெண்வீடு வந்து சேருவார்.

அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டு றேடியோ மாதிரி, சத்தம் கேட்டும் சொல் விளங்காமல் கிடந்தது. இரவுச் சாப்பாட்டைக் கொண்டுவந்த உம்மாவிடம் கேட்டாள்.

“மஹ்றூப் மச்சானிட்ட ஒருக்காக் கேட்டாத் தெரியும். இண்டைக்கு வரல்லயா?”

“அவன் எங்க வாற? கொமினிகேசன் கடைக்குக் கோல் எடுத்தவன். நாளண்டைக்குத்தான் கொழும்பில இருந்து பஸ் ஏறுறானாம்.”

“எப்ப போன?”

“அண்டைக்கு இஞ்ச வந்திட்டுப் போனதோட போனவன்தான். புதுக் கடையில வேலையாம். பிறகு ஊருக்கு வரவேயில்ல.” உம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “நீ என்னகா, அஸருக்குப் பொறகு தனியக் கதைச்சிக்கிட்டு இரிக்கா? நான் ஓதுறாயாக்கும் எண்டு நினைச்சிக்கிட்டன்.”

மூக்கை அடைத்த குரல். காதை அடைத்த செவிடு. நசுறுதீனைக் குளிப்பாட்டிக் கபனிட்டபின் அவளைக் கடைசியாகப் பார்க்க விட்டார்கள். மூக்கிலும் காதிலும் பஞ்சு. பஞ்சில் கற்பூரம்.

கமீலா கோப்பையைக் கிட்ட இழுத்தாள். சோற்றைப் பிசைந்தாள். சாப்பிட்டாள்.

கடைசி நாள் வந்தது. அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் போயிருந்தது. உம்மா, மகளின் இத்தா முடிவதற்கு ஓதுவிக்கச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். சிப்னாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கமீலாதான் அனுப்பினாள். மேசைக்குக் கீழே குந்தி மூடியைக் கழற்றினாள். குவைத்துக்குப் போனாலும் போகலாம் என்று நினைத்தாள். இதைக் கழற்றத்தான் வேண்டும். எட்டுச் சிப்புத் துண்டுகளின் கிளிப்பை விலக்கினாள். ஒன்று வந்தது. மற்றதும் வந்தது.

“என்னத்துக்குப் புள்ள அதக் கழட்டுறா?”

மஹ்றூப் அவளை மதினி என்பான். புள்ள என்று கூப்பிட ஒரே ஒருவன்தான் இருந்தான்.

அவள் திரும்பவில்லை. தகரத்தைத் தொட்டாள். ஒன்பது சிப்புத் துண்டை எடுத்தாள். சரித்தாள். நிமிர்த்தினாள். டிக். மற்றது. டிக்.

“ஓடிக்கிட்டிருந்திச்சே.”

சுவிட்சைப் போட்டாள். பெட்டி மூச்சு விட்டது. மேசைமேல் சேவரின் மொனிட்டரில் எண்கள் ஏறின. ஏறி, நின்றன. இங்கிலீசில் ஒரு வரி. பிழை. அவ்வளவுதான். மெஷின் செத்தது மாதிரி நின்றது. ஒன்பதாவது பார்த்துவிட்டது. உள்ளே இருப்பது சரியில்லை என்று சொல்லிவிட்டது.

விசிறிச் சத்தமும் அடங்கிற்று.

“ஓடுதா?”

அவள் கழற்றிய எட்டுச் சிப்புத் துண்டுகளை மேசைக்குக் கீழே தள்ளினாள்.

“சொல்லன் புள்ள. ஓடுதா?”

“இல்ல” என்றாள். மெதுவாக. தனக்கே கேட்காத அளவு.

அது ‘என்ன?’ என்று கேட்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. சத்தமில்லாமல். திரையின் கீழ் விளிம்பால் உருண்டு உள்ளே வந்தது. ஒரு சின்னப் பஞ்சு. மஞ்சளாய், ஈரமாய். பிறகு இன்னொன்று. கற்பூர வாசம் அறையை நிறைத்தது.

“இப்ப நல்லாக் கேக்கிது.”

தடிமல் இல்லாத குரல். அவள் ஏழு வருசம் கூட இருந்த குரல்.

இத்தனை நாளும் திரைக்குக் கீழே அவள் பார்த்ததில்லை. அந்நிய ஆணின் காலைப் பார்ப்பானேன் என்று. இப்போது திரும்பிப் பார்த்தாள். கால் இல்லை. குவிந்து தொங்கும் வெள்ளைத் துணி. நுனியில் அவிழ்க்காத கால்மாட்டு முடிச்சு. முடிச்சைச் சுற்றி ஈர மண். ஆகவே நடைச் சத்தம் இல்லை. ஆகவே இத்தனை நாளும் வாசலோடு நின்றது.

முடிச்சு அசைந்தது.

அவள் கண்ணை மூடினாள். ஓத நினைத்தாள். நாக்கு மரத்துக் கிடந்தது. உம்மா இறைச்சி வாங்கியிருப்பாளா என்ற யோசனைதான் வந்தது. சிப்னா வெயிலில் நிற்பாள்.

கண்ணைத் திறந்தாள்.

திரைக்குக் கீழே வெறும் நிலம். திரையின் இந்தப் பக்கத்தில், அவளுடைய காலடியில், வெள்ளைத் துணிக் கீலம் ஒன்று. அவிழ்ந்து கிடந்தது.

முதுகுக்குப் பின்னால், மேசைக்குக் கீழே, தகரத்தை யாரோ தொட்டார்கள். முதலில் தொட வேண்டும். அவன் எப்போதும் தொடுவான்.

கிளிப் விலகியது. ஒன்பதாவது சிப்பு இருந்த துண்டு நிலத்தில் விழுந்தது. மற்றதும் விழுந்தது.

டிக்.

எதிரே, வாசலோரம் இருந்த அவளுடைய கொம்பியூட்டரின் இருண்ட கண்ணாடியில், சேவருக்கு மேல் குனிந்திருந்த வெள்ளை உருவம் தெரிந்தது. ஒரு கையில் எட்டுச் சிப்புத் துண்டு இருந்தது. மற்றக் கை பின்னால் நீண்டு, அவளுடைய முந்தானை நுனியைத் தடவி எடுத்து, கால்மாட்டுத் துணியோடு சேர்த்து, மெதுவாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

டிக்.